நாகஜோதி வைத்த மை

நாகஜோதியை எனக்கு முதலில் பிடிக்காது. இதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பிறகு நான் அவளுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் சொல்லக் கூடாது.

ராயபுரத்தில் நான் டீச்சராக இருக்கும் அங்கன்வாடிக்கு எதிர்ச்சந்தில் பெரியாத்தாள் அம்மாவின் காம்பவுண்டு இருக்கிறது. ஒரே கேட்டுக்குள் பதினோரு வீடுகள், இரண்டு குழாய்கள், ஓயாத சண்டை. ஆறாவது வீட்டில் நாகஜோதி. எடை பார்க்க, சத்துமாவு கொடுக்க, ஊசி போடும் நாளைச் சொல்ல என்று மாதத்தில் நாலு தடவையாவது அங்கே போவேன். மற்ற வீட்டுக்காரர்கள் "வாங்க டீச்சர்" என்பார்கள். இவள் மட்டும் பிள்ளையை வெடுக்கென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். நான் என்னவோ பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக வந்தவள் போல ஒரு பார்வை பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஊர் கயத்தாறு பக்கம். கல்யாணமான மூன்றாம் மாதமே புருஷனோடு திருப்பூர் வந்துவிட்டாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, தேறாததைத் தனியே எடுத்துப் போட வேண்டும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று கம்பெனியில் பெயர். காலை எட்டரை முதல் குறை கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறவள், சாயங்காலம் நான் வந்து நிற்கும்போது மட்டும் சிரித்த முகமாக எல்லாவற்றையும் நம்ப வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான்.

அவள் புருஷன் இசக்கிமுத்து ஓவர்லாக் டெய்லர். இடது கால் சூம்பியிருக்கும். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். பவர் மிஷினை மிதிக்க வலது கால் போதும் என்று சொல்லிச் சிரிக்கிற மனுஷன். ஆனால் அந்த இடது காலைப் பற்றி அவர்கள் வீட்டில் இரண்டு கதைகள் இருந்தன. நடந்ததெல்லாம் அந்த இரண்டு கதைகளால்தான்.

முதல் கதை இசக்கிமுத்துவின் அம்மா சொன்னது. பையனுக்குக் காய்ச்சல். ஊரில் ஒரு கம்பவுண்டர் இடுப்பில் ஊசி போட்டார். மறுநாள் காலையில் பையன் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தான். "ஊசி போட்டுத்தான் எம்பிள்ள கால் போச்சு" என்று அந்த அம்மாள் சாகிற வரைக்கும் சொன்னாராம். புது மருமகளாகப் போன நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குப் பிறக்கதுக்கு ஊசி கீசின்னு எதையும் போட்டுராத தாயி" என்று அழுதாராம். அந்த அம்மாளின் பெயர்தான் பிள்ளைக்கு. முத்துப்பேச்சி. கூப்பிடுவது பேச்சி.

இரண்டாவது கதை இசக்கிமுத்து சொன்னது. பெரியவனானபின் ஒரு முகாமில் டாக்டர் அவருக்கு விளக்கியிருக்கிறார். அந்தக் காய்ச்சலே வாதக் காய்ச்சல்தான், சின்ன வயதில் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் இது வந்தே இருக்காது என்று. அதை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். "எம்பிள்ளைக்கு ஒரு சொட்டுகூடத் தப்பக் கூடாது" என்பார். டிவியில் தேதி சொன்ன உடனே காலண்டரில் வட்டம் போட்டுவிடுவார்.

அப்படியென்றால் அவரே தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வராததற்குக் காரணம் நான்தான். பேச்சி பிறப்பதற்கு முன்னால், அவர் தன் அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் சொட்டு மருந்து முகாமுக்கு வந்திருந்தார். பக்கத்தில் ஒரு அம்மாள் பிள்ளைக்கு மருந்து வேண்டாம் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இதா, இவரைப் பாருங்க, இப்படி ஆகோணுமா உங்க பையன்?" என்று அவர் காலைக் காட்டினேன். அந்த அம்மாள் பிள்ளைக்கு மருந்து போட்டுக்கொண்டாள். நான் என் சாமர்த்தியத்தை எண்ணிப் பூரித்துப்போனேன். இசக்கிமுத்து அதன்பின் எங்கள் முகாம் பக்கமே வரவில்லை. நாகஜோதியைத்தான் அனுப்பினார்.

அந்த வருஷம் 2008. சித்திரையில் வேறொரு மாவட்டத்தில் அம்மை ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் சில இறந்துபோன செய்தி டிவியில் ஓடியது. அதற்கும் சொட்டு மருந்துக்கும் சம்பந்தமில்லை என்று எட்டு மாதம் தொண்டை வறளச் சொன்னேன். யார் காதில் ஏறியது? டீக்கடை, ரேஷன் கடை வரிசை, கம்பெனி வேன், எங்கே இரண்டு பேர் சேர்ந்தாலும் இதே பேச்சுதான்.

காம்பவுண்டின் இரண்டாவது வீட்டில் தண்டாயுதபாணி இருந்தார். சாயப்பட்டறையில் ஸ்டோர் கீப்பர். ஒரு இயற்கை வைத்திய முகாமுக்குப் போய் வந்த நாளிலிருந்து அவர் கண்ணுக்கு ஊரில் யாருமே ஆரோக்கியமாகத் தெரியவில்லை. "நம்ம சனத்தைக் குறைக்கோணும்னு நெனைக்கறவனுங்கதானுங்க இதையும் கொண்டாறானுங்க. இதக் குடிச்ச புள்ளைக்கு நாளைக்கு வாரிசு இருக்காது, எழுதி வெச்சுக்கங்க" என்பார். அவருடைய பிள்ளைகள் இரண்டுமே சொட்டு மருந்து குடித்து வளர்ந்தவர்கள். மூத்தவனுக்கு அப்போதே ஒரு ஆண் குழந்தை இருந்தது. அதைச் சொன்னால், "அது அந்தக் காலத்து மருந்துங்க டீச்சர்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

அவரையெல்லாம் நாகஜோதி மதிக்கவில்லை. அவளை அசைத்தது செக்கிங் மேசையில் எதிரே உட்காரும் சுப்புலட்சுமி சொன்ன ஒரு வார்த்தைதான். "பர்ஸ்ட் குவாலிட்டி எங்கக்கா போகுது? கப்பல்ல. ஓட்டை, கறை இருந்தா? இங்கயே குவிச்சு வச்சு நம்ம தலையில கட்டுறாங்க. நமக்கு நல்லது எதுவும் வந்து பாத்திருக்கியா? இப்போ மட்டும் வீடு தேடி வந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டு, சும்மா ஒண்ணு குடுக்கறாங்கன்னா அது பர்ஸ்ட் குவாலிட்டியாவா இருக்கும்?"

மேசையில் இருந்த அத்தனை பெண்களும் கை வேலையை நிறுத்திவிட்டார்களாம். ஒரு நாளைக்கு ஆயிரம் ரிஜெக்ட் பீஸ் பார்க்கிற பெண்களுக்கு இதைவிடப் புரியும்படி யாராலும் சொல்ல முடியாது. பிறகு இதை என்னிடம் சொன்னது நாகஜோதிதான்.

ஆனால் புருஷனிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. அவர் தன் காலைக் காட்டிப் பேசுவார்; அவளிடம் அதற்கு எதிராகப் பேச மாமியாரின் அழுகை மட்டுமே இருந்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். மருந்து போட்ட பிள்ளைக்கு நாங்கள் இடது கை சுண்டுவிரலில் மை வைப்போம். அவள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில், அட்டைப்பெட்டியில் எண் எழுத ஒரு கறுப்பு மார்க்கர் வைத்திருப்பார்கள். அழித்தாலும் போகாது. முகாமுக்கு முதல் நாள் அதை மடியில் செருகிக்கொண்டு வந்துவிடுவாள். காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போவது போலக் கிளம்புவாள். சந்து திரும்பியதும் டிரான்ஸ்பார்மர் மறைவில் நின்று பிள்ளையின் நகத்தில் ஒரு கோடு இழுத்து, அது காய்கிற வரைக்கும் ஊதிவிட்டு, வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். மறுநாள் வீடு வீடாகப் போய் விரலைப் பார்க்கிற நானும், மை இருக்கிறது, சரி என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு வந்துவிடுவேன்.

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் செய்தாள். பேச்சிக்கு அப்போது இரண்டரை வயது. இசக்கிமுத்துவின் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் லீவு. இவளுக்கு ஷிப்மென்ட் அவசரம் என்று வேலை இருந்தது. திரும்பி வந்ததும் அவர் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பார்த்து, "சூரப்புள்ள, அழாமப் போட்டுக்கிட்டாளா?" என்று கேட்டாராம். "அழல" என்றாளாம். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு எட்டரைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நான் முகாமை முடித்து, மிச்சமிருந்த மருந்தை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். முதல் போன் தண்டாயுதபாணிக்குத்தான் வந்தது. சொட்டு மருந்து குடித்த குழந்தைகள் திண்டுக்கல்லில் செத்துவிட்டார்களாம். அடுத்த போன் நாலாவது வீட்டுக்கு, திண்டுக்கல்லிலிருந்தே. "எங்க ஊருல ஒண்ணும் இல்ல, உங்க திருப்பூருலதான் மூணு பிள்ளை போயிருச்சாமே?" பத்து நிமிஷத்தில் எல்லார் செல்போனும் அடித்தது. சேலத்தில், மதுரையில், பல்லடத்தில். எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் வேறு ஊரில்தான் செத்திருந்தது. செத்த பிள்ளையைக் கண்ணால் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. ஆனால் அந்த நேரத்தில் இப்படி நிதானமாக யோசிக்க எனக்கே முடியவில்லை. அன்று காலையிலிருந்து இருநூறுக்கும் மேலான வாய்களில் நான் மருந்து விட்டிருந்தேன். பெட்டியில் அடுக்கியதை மறுபடியும் வெளியே எடுத்து, ஒவ்வொரு குப்பியிலும் போட்டிருந்த தேதியைப் பார்த்தேன்.

காம்பவுண்டில் ஒரே கூக்குரல். இசக்கிமுத்து பிள்ளையை மார்பில் அணைத்தபடி சுற்றிச் சுற்றி வந்தார். "நாந்தான் போடச் சொன்னேன், நாந்தான் போடச் சொன்னேன்" என்று அதையே சொன்னார். மருந்தை அவ்வளவு நம்பிய மனுஷன் அவர்தான், முதலில் உடைந்தவரும் அவர்தான். பேச்சி நன்றாகத்தான் இருந்தாள். அப்பா அழுவதைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தாள். அவள் அழுததும், பார், ஆரம்பித்துவிட்டது என்றார்கள்.

பெரியாத்தாள் அம்மா வெளியே வந்தார். தோட்டம் துரவு பார்த்த மனுஷி, எதற்கும் பதறாதவர். "அழுதுட்டு நிக்காதீங்க சாமி. சொணங்காம உப்பக் கரைச்சு ஊத்துங்க. எங்க தோட்டத்துல ஒருத்தன் பருத்தி மருந்தக் குடிச்சுப்போட்டான், உப்புத் தண்ணிய ஊத்தித்தான் பொழைக்க வெச்சோம். வாந்தியெடுத்தா வெசம் வெளிய வந்துரும்" என்றார். பூச்சி மருந்து குடித்தவனுக்குத் தோட்டங்காட்டில் செய்கிற வைத்தியம் அது. அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். அவர் வீட்டு உப்பைத்தான் அள்ளிப் போட்டுக் கரைத்தார்.

நாலைந்து வீடுகளில் ஊற்றினார்கள். மற்ற பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள். கடித்தார்கள், உதைத்தார்கள், துப்பிவிட்டு ஓடினார்கள். பேச்சிதான் சின்னவள். இசக்கிமுத்து மூக்கைப் பிடிக்க, இன்னொருத்தர் ஊற்ற, முதல் டம்ளரில் கொஞ்சம் வாந்தி வந்தது. எல்லாம் வந்திருக்காது என்று இரண்டாவது. அதில் வாந்தி வரவில்லை என்று மூன்றாவது. மூன்றாவதும் உள்ளேயே போய்விட்டது.

அதே நேரம் கம்பெனியில் சூப்பர்வைசரின் போனுக்குச் செய்தி வந்தது. செக்கிங் மேசையில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். சுப்புலட்சுமி செருப்பைக்கூட மாட்டவில்லை. நாகஜோதி மட்டும் எழுந்திருக்கவில்லை. "அந்த நேரத்துல எனக்கு ஒரு சந்தோசம் வந்துச்சு டீச்சர். அத நெனச்சா இன்னிக்கும் என் மேலயே அருவருப்பா இருக்கு" என்று பின்னால் சொன்னாள். தன் பிள்ளை மட்டும் தப்பித்தது. தான் நினைத்தது சரி. மாமியார் சொன்னது சரி. ஊரே அழும்போது அவள் ஒரு பனியனை எடுத்து விரித்து, தையலைப் பார்த்து, அடுக்கினாளாம்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சூப்பர்வைசர் வந்து, "நாகஜோதி, உன் வீட்டுக்காரர் போன் பண்ணினாரு. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாராம். கண்ணு சொருகுதாம்" என்றார். அவளுக்குப் புரியவே இல்லை. மருந்தே குடிக்காத பிள்ளைக்கு ஏன் கண் சொருகும்? கம்பெனி வாசலில் இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவில் அதையேதான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் நானும் இருந்தேன். நானாகப் போகவில்லை. "என்னத்தக் குடுத்தீன்னு டாக்டர்கிட்ட வந்து சொல்லு" என்று ஐஸ் பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வராந்தா முழுக்க ஜனம். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். பாதிப் பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன, சில ஓடிப்பிடித்து விளையாடின. பெற்றவர்கள் முகத்தில்தான் உயிர் இல்லை. ஒரு டாக்டர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "எந்தக் குழந்தையும் சாகலைங்க! இது புரளி! எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தார். "வெசத்துக்கு மாத்து ஊசி இருக்குன்னு சொல்றாங்களே, அதப் போடுங்க!" என்று ஜனம் திருப்பிக் கத்தியது. யாரோ என் முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தார்கள். அது யார் என்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குப் பயம்.

இசக்கிமுத்து கூட்டத்தை இடித்துக்கொண்டு என் முன்னால் வந்தார். பேச்சி அவர் தோளில் துவண்டு கிடந்தாள். "டீச்சர், நீங்கதான போட்டீங்க? எம்பிள்ளைக்கு நீங்கதான போட்டீங்க?"

பேச்சியைக் காலையில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. இல்லவே இல்லை. ஆனால் விரலில் மை இருந்தது. இந்தப் பிள்ளை என்னிடம் வரவில்லை என்று அந்தக் கூட்டத்தில் சொன்னால், அடிக்குப் பயந்து கைகழுவுகிறாள் என்பார்கள். அத்தனை முகங்களில் ஒன்று மறந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, "நான்தானுங்க போட்டேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான பொய் அது. சொல்லும்போது அது பொய் என்றே எனக்குத் தெரியாது.

டாக்டர் பேச்சியின் விரலைப் பார்த்தார். "சொட்டு மருந்துதானே? அதனால ஒண்ணும் ஆகாதுங்க. பயத்துல சோர்ந்து போயிருக்கு. அந்தப் பக்கம் உட்காருங்க, வர்றேன்" என்றார். முன்னூறு பேர் அதே வார்த்தையோடு வந்து நின்றால் அவர் வேறு என்ன நினைப்பார்?

அப்போதுதான் நாகஜோதி வந்து சேர்ந்தாள். புருஷன் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. கை லேசாக வெட்டி வெட்டி இழுத்தது. நாளெல்லாம் குறை பார்க்கிற கண் அல்லவா, இது பயத்தில் வந்த சோர்வு இல்லை என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சொட்டு மருந்து இல்லை என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அதைச் சொன்னால் டாக்டர் வேறு காரணம் தேடுவார். சொன்னால் புருஷனுக்குத் தெரிந்துபோகும்.

முதலில் பாதி வழிதான் போனாள். "சார், இது வேற என்னமோ சார். நல்லாப் பாருங்க சார்" என்றாள்.

"எல்லாரும் இதையேதாம்மா சொல்றீங்க. உட்காருங்க."

"இல்ல சார், சொட்டு மருந்து இல்ல சார்..."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்" என்று அவர் அடுத்த பிள்ளையிடம் திரும்பிவிட்டார்.

இசக்கிமுத்து அவளைப் பார்த்து, "என்ன மன்னிச்சிரு தாயி, நாந்தான் உன்ன அனுப்பினேன், எல்லாம் எம்புத்தி" என்று அழுதார். அதைக் கேட்டபின் அவள் பேசாமல் இருந்தது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு பனியனைப் புரட்டிப் பார்க்கிற நேரம்தான் என்று அவள் சொல்கிறாள். பேச்சியின் கண் மேலே போய், உடம்பு விறைத்து, வலிப்பு வந்தது.

"போடல!" என்று அவள் கத்தினாள். வராந்தா முழுக்கக் கேட்டது. "சொட்டு மருந்து போடவே இல்ல சார்! நாந்தான் மார்க்கர்ல மை வச்சேன்! டீச்சர் போடல, நாந்தான் வச்சேன்! எம்பிள்ள ஒரு மருந்தும் குடிக்கல!"

டாக்டர் ஒரே எட்டில் வந்து பிள்ளையை வாங்கினார். "பின்னே என்ன கொடுத்தீங்க? எதாவது கொடுத்தீங்களா?"

அவளுக்குத் தெரியாது. புருஷனைப் பார்த்தாள். இசக்கிமுத்து அவளைப் பார்த்துக்கொண்டே டாக்டருக்குப் பதில் சொன்னார். "உப்புத் தண்ணி சார்."

"எவ்வளவு?"

"மூணு டம்ளர்."

"அடப்பாவி" என்று டாக்டர் பிள்ளையோடு உள்ளே ஓடினார். என் முந்தானையைப் பிடித்திருந்த கை விட்டது. சரி, இப்போதாவது கூட்டத்துக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு ஆள், "மருந்து போடாத புள்ளைக்கே இப்படீன்னா, போட்ட நம்ம புள்ளைங்க கதி?" என்றான். மறுபடியும் கூச்சல் கிளம்பிவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு போனேன். ரத்தத்தில் உப்பு ஏறியிருந்ததாம். மெதுவாகத்தான் இறக்க வேண்டும், அவசரப்பட்டாலும் ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். பேச்சி கையில் டிரிப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் ஒருமுறை கண் விழித்துத் தண்ணீர் கேட்டதாக நர்ஸ் சொன்னார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நாகஜோதி, அந்தப் பக்கம் இசக்கிமுத்து. இரண்டு பேரும் இரவெல்லாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நான் ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவர்தான் கேட்டார். "நேத்து மட்டுந்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதைப் பொய் என்று நிரூபிக்க உலகத்தில் யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "ஆஸ்பத்திரியில பிறந்த அன்னைக்கிப் போட்டதோட சரி. அதுக்கப்புறம் ஒரு தடவகூடப் போடல" என்றாள்.

அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்து நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அவர் தன் சூம்பிய காலைக் கையால் தூக்கி இன்னொரு காலின்மேல் வைத்துக்கொண்டார். "எங்கம்மைக்குத் தெரியாது. அவ பாவம், படிக்காதவ. நீ ஆறு வருசமா எங்கூடல்லா நடக்க" என்றார்.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் அன்றைக்கு முகாமுக்கு வந்திருந்தால் இது நடந்திருக்காது, அவரை வரவிடாமல் செய்தது என் வாய்.

பேச்சி நாலாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பெரியாத்தாள் அம்மா ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். தண்டாயுதபாணி வழக்கம்போல டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார். எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் சாகவில்லை என்று பேப்பரில் போட்டார்கள். உண்மையை மறைக்கத்தான் அதைப் போடுகிறார்கள் என்று அவர் சொன்னார். இசக்கிமுத்து நாகஜோதியிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். சோறு வேண்டுமென்றால், "பேச்சி, அம்மைட்ட சோறு போடச் சொல்லு" என்பார். ஒரு மாதத்துக்கு மேல் அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் இரண்டரை வயதுக் குழந்தை வழியாகத்தான் நடந்தது.

அடுத்த சுற்று பிப்ரவரி முதல் தேதி. வழக்கமாக ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டம் நெரியும் எங்கள் முகாமில் அன்று பதினொரு மணிக்கும் ஈ காக்கா இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்து திரும்பி மூன்று பேரும் வந்தார்கள். இசக்கிமுத்து முன்னால், பிள்ளையோடு நாகஜோதி பின்னால். நான் எழுந்து நின்று, "அன்னைக்கு உங்க காலைக் காட்டிப் பேசினது தப்புங்க" என்றேன். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த வார்த்தை. அவர், "விடுங்க டீச்சர், மருந்தப் போடுங்க" என்றார்.

நாகஜோதிதான் பிள்ளையின் வாயைத் திறந்து பிடித்தாள். நான் குனிந்ததும் அவள் பிள்ளையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்ததில் என் முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. "கொஞ்சம் பிடி கண்ணு" என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தாள். நம்பிக்கை வந்து போட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குப் பயம் துளியும் குறையவில்லை என்று அந்த முகமே சொன்னது. இரண்டு சொட்டு விட்டேன். பேச்சி நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அங்கன்வாடி வராந்தாவிலேயே, ஆளுக்கு ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது, இரண்டு பேரும் லீவு சொல்லியிருந்தார்கள். நானும் எதுவும் கேட்கவில்லை. பேச்சி எங்கள் மர யானையை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் எந்தப் பக்கம் போனாலும் நாலு கண்கள் கூடவே போயின. நாகஜோதி மட்டும்தான் அப்படிப் பயந்து பார்க்கிறாள் என்று நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவர் அவளைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலண்டரில் வட்டம் போட்ட அந்த இசக்கிமுத்து இப்போது இல்லை. புரளி அவரிடமிருந்து அந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்குப் பேச்சி இருமினாள். சும்மா இரண்டு இருமல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். பேச்சி யானையோடு தூணைச் சுற்றிப் போய்விட்டாள். இசக்கிமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு, நாற்பது நாளில் முதல் தடவையாக, பெண்டாட்டியை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ஏட்டி, அது சாதாரண இருமல்தான?"

நாகஜோதி பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "சாதாரண இருமல்தான்" என்றாள்.

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் காலை நீட்டி மறுபடியும் உட்கார்ந்தார்.